மூட்டுவாதம் உள்ளவருக்குக் கால்விரல் திடீரென வீங்கினால் என்ன செய்வது

மூட்டுவாதத்தோடு பல வருடம் வாழ்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எங்கே வீங்கினாலும் "அதே பழைய நோய்தான்" என்று, வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். முழங்காலும் மணிக்கட்டும் அப்படி ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் மற்ற மூட்டுகள் எல்லாம் சும்மா இருக்க, ஒரே ஒரு கால்விரல் மட்டும் ஒரே இரவில் வீங்கிச் சிவந்தால், அதைப் புதிய பிரச்சினையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிருமித்தொற்று, யூரிக் அமிலப் படிகம், எலும்பு விரிசல் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். மூட்டுவாதம் இருப்பதால் இவை வராமல் போவதில்லை. தொற்றும் விரிசலும் வருவதற்கு மூட்டுவாத மருந்துகள் சில வழியும் விடுகின்றன.

மாத்திரைக்கு முன் பத்து நிமிடம் பாருங்கள்

முதலில் உடல் வெப்பநிலையை அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். பாராசிட்டமாலும் மற்ற வலி மாத்திரைகளும் காய்ச்சலை இறக்கிவிடும். மாத்திரை போட்டபின் அளந்தால் காய்ச்சல் இருந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

விரலில் மெட்டியோ வேறு வளையமோ இருந்தால் இப்போதே கழற்றுங்கள். வீக்கம் இன்னும் ஏறினால் பிறகு கழற்ற முடியாது, ரத்த ஓட்டமும் தடைப்படும். சோப்பு நுரையோ எண்ணெயோ தடவி, காலை உயர்த்தி வைத்துச் சில நிமிடம் கழித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். வரவில்லை என்றால் இழுத்துப் போராடாமல் மருத்துவமனையில் வெட்டி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புறங்கையால் தொட்டால் சூட்டு வித்தியாசம் நன்றாகத் தெரியும். மாநிறம், கருநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ, சில சமயம் வெறும் பளபளப்பாகவோதான் இருக்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் சூட்டையும் தோலின் இறுக்கத்தையும் பாருங்கள். விரலிடுக்குகளைப் பிரித்து வெடிப்பு, ஈரப்புண், சிறு காயம் இருக்கிறதா என்று தேடுங்கள். கிருமி பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம், அல்லது போனில் படம் எடுத்துப் பார்க்கலாம்.

சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால், பரவுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். விரலின் பருத்த இடத்தில் ஒரு நூலைச் சுற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வீக்கம் கூடியதா குறைந்ததா என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.

கடைசியாக விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு, மூன்று விநாடிக்குள் திரும்ப வேண்டும். அதைவிட அதிகம் எடுத்தாலோ, விரல் குளிர்ந்து நீலமாகவோ கருமையாகவோ இருந்தாலோ ரத்த ஓட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது ஐஸும் வேண்டாம், காலை உயர்த்தி வைப்பதும் வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இவை இருந்தால் அன்றே மருத்துவமனை

38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், பேனாக் கோட்டைத் தாண்டும் சிவப்பு, விரலிலிருந்து கால் நோக்கி ஏறும் சிவப்புக் கோடு, சீழ், கால் ஊன்றவே முடியாத வலி, விரலைச் சற்று அசைத்தாலே உயிர் போவதுபோன்ற வலி. இவற்றில் ஒன்று போதும். கிருமி மூட்டுக்குள் புகுந்துவிட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். போன குருத்தெலும்பு திரும்பி வராது.

சிலர் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைடு ஆகிய மருந்துகள், அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிகள், டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகள், தினசரி ஸ்டீராய்டு ஆகியவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் தொற்று வந்தும் காய்ச்சல் அடங்கியே இருக்கலாம், சிவப்பும் மங்கலாக இருக்கலாம். "காய்ச்சல் இல்லையே" என்பது இவர்களுக்கு ஆறுதல் ஆகாது. செயற்கை மூட்டு பொருத்தியவர்களும் அப்படியே. விரலில் உள்ள கிருமி ரத்தம் வழியாகப் போய்ப் பொருத்திய முழங்காலிலோ இடுப்பிலோ தங்கிவிடக்கூடும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதம் சூடாகி, சிவந்து, வீங்கி, ஆனால் வலி மட்டும் பெரிதாக இல்லை என்றால் எலும்பு உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்க்கோ பாதம் என்பது இதுதான். காலைச் சில நிமிடம் உயர்த்தி வைத்தால் இந்தச் சிவப்பு பெரும்பாலும் மங்கும், தொற்றினால் வந்த சிவப்பு அவ்வளவு எளிதில் மங்காது. ஆனால் இதை வைத்து நீங்களே தீர்மானித்துவிட வேண்டாம். அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் போய்ச் சேருவதுதான் முக்கியம். ஒவ்வொரு அடியும் எலும்பை மேலும் உடைக்கிறது.

வீக்கம் இருக்கும் இடம் சொல்லும் சேதி

பெருவிரல் பாதத்தோடு சேரும் அடிமூட்டில், படுக்கும்போது ஒன்றும் இல்லாமல், நடுராத்திரியில் நெருப்பு வைத்தாற்போல வலி எழுப்பினால் முதல் சந்தேகம் கௌட், அதாவது மூட்டில் யூரிக் அமிலப் படிகம் படிந்து வரும் வீக்கம். போர்வை பட்டாலே பொறுக்க முடியாது. வலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்த நிலையில் நிற்காமல் ஊசி ஊசியான படிகமாகப் படியத் தொடங்குகிறது. உடலிலேயே குளிர்ச்சியான இடங்களில் ஒன்று கால்விரல், அங்கே இன்னும் சுலபமாகப் படியும். தேய்மானம் ஏற்கெனவே இருக்கும் மூட்டில் படிகம் படிவது இன்னும் அதிகம். "எனக்குத் தேய்மானம்தானே, கௌட் எப்படி வரும்" என்று பலர் கேட்கிறார்கள். தேய்ந்த அந்த மூட்டைத்தான் அது தேடி வருகிறது. பிபி-க்காகக் கொடுக்கும் நீர் மாத்திரை, குறைந்த அளவு ஆஸ்பிரின், உடலில் நீர் வற்றுவது, அறுவை சிகிச்சை, மது ஆகியவை இதைத் தூண்டும். மருந்து காரணம் என்று தோன்றினாலும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதயத்துக்காகக் கொடுத்ததை நிறுத்தினால் வரும் ஆபத்து விரல் வலியைவிடப் பெரியது.

ஒரு மூட்டு மட்டும் இல்லாமல் விரல் முழுவதும், அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக வீங்கினால் கதை வேறு. மூட்டோடு தசைநாணும் அதன் உறையும் சேர்ந்து வீங்குவதால் விரல் இப்படி உருண்டு போகிறது. சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதத்திலும், முதுகெலும்பைப் பிடிக்கும் வகை மூட்டுவாதத்திலும், வயிற்றுப்போக்கு அல்லது சிறுநீர்த் தொற்றுக்குப் பின் வரும் மூட்டு வீக்கத்திலும் இது பேர்போன அடையாளம். வலி கௌட் அளவுக்குக் கொடூரமாக இருக்காமலும் போகலாம். அதனாலேயே பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும். நகத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற சின்னச் சின்னக் குழிகள், நகம் சதையிலிருந்து தூக்கிக்கொள்வது, உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னும் தொப்புளிலும் செதில் செதிலான தோல் இருக்கிறதா என்று பாருங்கள். "முடக்குவாதம்" (ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று சீட்டில் எழுதியிருந்தும் ரத்தத்தில் முடக்குவாதக் காரணி இல்லை என்று வந்திருந்தால், இந்த ஒற்றை விரல் வீக்கம் நோயின் பெயரையே மாற்றக்கூடிய தடயம். படம் எடுத்து வைத்து மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

முடக்குவாதம் கிளர்ந்தால் பெரும்பாலும் ஒரு விரலோடு நிற்காது. விரல்களின் அடியில் முன்பாதம் முழுவதும் வலிக்கும், காலையில் கூழாங்கல் மேல் நடப்பது போல இருக்கும், விரல்கள் விலகி நடுவில் இடைவெளி தெரியும். முன்பாதத்தை இரு பக்கத்திலிருந்தும் மெதுவாக அழுத்தினால் வலிக்கும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீளும். தேய்மானம் என்றால் பெருவிரல் மேல்புறத்தில் கெட்டியான எலும்புப் புடைப்பு தெரியும். நடக்க நடக்க வலிக்கும், ஓய்வில் குறையும். அது ஒரே ராத்திரியில் சிவந்து கொதிக்காது, கொதித்தால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

நகத்தின் ஓரத்தில் தொடங்கிய வீக்கம் பெரும்பாலும் நகச்சுத்தி, அல்லது சதைக்குள் வளர்ந்த நகம். பிளேடால் கீறிவிடவோ மூலையைத் தோண்டி எடுக்கவோ வேண்டாம். எங்கோ இடித்த ஞாபகம், நீலக் கன்றல், எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலி என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம். வெகுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அடிபடாமலே முன்பாத எலும்பில் மயிரிழை விரிசல் விழும், முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற பிறகும் வலி நீடித்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கினால் விரல் காரணமல்ல. இதயம், சிறுநீரகம், அல்லது அம்லோடிபின் போன்ற பிபி மாத்திரை பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் கெண்டைக்கால் வரை வீங்கி வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி இருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

வீட்டில் செய்ய வேண்டியது

ஆபத்து அறிகுறி இல்லை, மருத்துவரை மறுநாள் பார்க்கலாம் என்ற நிலையில் இதைச் செய்யுங்கள். ஐஸை மெல்லிய ஈரத்துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வீக்கத்தின் மேல் வையுங்கள். ஒரு நாளில் நான்கைந்து முறை செய்யலாம், ஒவ்வொரு முறையும் தோல் பழைய சூட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அடுத்தது. ஐஸ் கட்டியைத் தோலில் நேராக வைத்தாலோ, கட்டிவைத்துக்கொண்டு தூங்கினாலோ தோல் வெந்துவிடும். பாதம் மரத்துப் போனவர்களும், ரத்த ஓட்டம் குறைந்தவர்களும், குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்களும் ஐஸ் வைக்கவே கூடாது. சூடான ஒத்தடம், வெந்நீரில் ஊறவைப்பது, எண்ணெய் போட்டு உருவுவது மூன்றும் இந்தக் கட்டத்தில் கெடுதல்தான். சூடு ரத்தத்தை இன்னும் இழுத்து வீக்கத்தைக் கூட்டும், உருவினால் கிருமி இருந்தால் பரவும். காலை விறைப்புக்கு வெந்நீர் சுகமாக இருப்பதால் கை தானாக அங்கே போகும். சிவந்த மூட்டுக்கு மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படுத்துக்கொண்டு கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு மூன்று தலையணை வைத்துப் பாதத்தை நெஞ்சு மட்டத்துக்கு மேலே கொண்டுவாருங்கள். குதிகால் தலையணையில் அழுந்தாமல் அந்தரத்தில் நிற்கட்டும், இல்லாவிட்டால் அங்கே புண் வரும். நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் வைத்தால் இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்கும், அது அரைகுறை வேலைதான். போர்வை விரலில் படாமல் இருக்க, படுக்கையின் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு பக்கமும் திறந்து கவிழ்த்து வைத்து, போர்வையை அதன் மேல் போடுங்கள். இரவுத் தூக்கத்துக்கு இது பெரிய உதவி.

கழிப்பறைக்குப் போக நடக்க வேண்டும் என்றால் குதிகாலை ஊன்றி, வலிக்காத பக்கத்துக் கையில் தடி பிடித்து நடங்கள். பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டுவது முறிந்த சின்ன விரலுக்குத்தான். சிவந்து வீங்கிய விரலை இறுக்கிக் கட்டினால் ரத்தம் தடைப்படும்.

மாத்திரை விஷயத்தில்

பாராசிட்டமால் 500 முதல் 1000 மி.கி., குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டாமல் எடுக்கலாம். ஈரல் நோய், குறைந்த உடல் எடை, தினசரி மது இருந்தால் இந்த உச்சம் இன்னும் குறைவு. சளிக்கும் காய்ச்சலுக்கும் விற்கும் கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஐபுபுரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக் வகை, வீக்கத்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயம் பலவீனம், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே இந்த வகை ஒன்று எடுத்துக்கொண்டிருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பதால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றில் ரத்தக் கசிவுதான் கூடும். எட்டோரிகாக்சிப்பும் இந்தக் குடும்பம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கௌட் என்று முன்பே உறுதியாகி, கொல்சிசின் எழுதிக் கொடுத்திருந்தால் முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் பயன் தரும். வழக்கமாக முதலில் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி. உங்கள் சீட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் உங்களுக்கு. வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்துங்கள். கிளாரித்ரோமைசின், வெராபமில், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றோடு கொல்சிசின் விஷமாகும் அளவுக்கு ஏறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அப்படியே.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் எடுத்துக்கொண்டிருந்தால் வலி வந்த நாளிலும் தொடருங்கள். நிறுத்தினால் யூரிக் அமிலம் ஆடி, தாக்குதல் நீளும். தினசரி ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாறாக, தொற்று என்று சந்தேகம் இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டின் அடுத்த டோஸையும் உயிரியல் ஊசியையும் போடும் முன் மருத்துவரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்காதீர்கள். மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதற்கு முன் அது உள்ளே போனால் கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் ஒன்றும் வளராமல் போகலாம், எந்தக் கிருமி என்று தெரியாமலே வாரக்கணக்கில் வைத்தியம் செய்ய நேரும். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே கேடு வரலாம். எங்கு போனாலும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

தொடங்கிய நேரம், வெப்பநிலைக் குறிப்பு, படங்கள், எல்லா மருந்துகளும் அளவோடு, சமீபத்தில் மாற்றிய மருந்து எது, கடைசி ஊசி எப்போது என்பதை ஒரே தாளில் எழுதிப் போங்கள். சந்தேகம் இருக்கும் மூட்டில் ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. கால்விரல் மூட்டில் சில துளிதான் வரும், படிகம் பார்க்க ஒரு துளியே போதும். படிகம் இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது. இரண்டும் சேர்ந்தே வரலாம், அதனால் இரண்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாக்குதல் நேரத்தில் எடுத்த யூரிக் அமில அளவு இயல்பாக இருந்தால் கௌட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த நேரத்தில் அது இறங்கியே இருக்கலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். புது கௌட்டில் எக்ஸ்ரேயும் சதை வீக்கத்தைத் தவிர ஒன்றும் காட்டாது.

அடுத்த இரண்டு வாரம்

சிகிச்சை தொடங்கிய 48 மணி நேரத்தில் சூடும் வலியும் குறையத் தொடங்க வேண்டும். குறையாவிட்டால் மறுபடி போங்கள், நோய் வேறாக இருக்கலாம். கௌட் தாக்குதல், வைத்தியம் இல்லாமலே ஒன்று, இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்கும்போது தோல் உரிந்து அரிக்கும், அது நல்ல அடையாளம். விரல் முழுவதும் உருண்ட வீக்கமோ வாரக்கணக்கில் நிற்கும். அதற்கு வலி மாத்திரை மட்டும் போதாது, அடிப்படை மருந்தை மாற்ற வேண்டி வரலாம்.

சூடு போன பிறகுதான் அசைவு. கையால் விரலைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் பத்து முறை, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. வலி கூடும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டி இழுக்கலாம். நுனிக்காலில் எழும்பி நிற்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

பழைய ஷூவுக்குத் திரும்பும் முன் சாயங்காலத்தில், பாதம் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், வெறுங்காலோடு தாளில் நின்று சுற்றி வரைந்து, ஷூவை அதன் மேல் வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால் அது உங்களுக்கான ஷூ அல்ல. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பெருவிரல் தேய்மானம் இருந்தால் எளிதில் வளையாத கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ அந்த மூட்டை மடங்கவிடாமல் காக்கும். மென்மையாக வளையும் செருப்பு சுகமாகத் தோன்றினாலும் ஒவ்வொரு அடியிலும் அதே மூட்டைத்தான் மடக்குகிறது. நகத்தை நேர்க்கோட்டில் வெட்டுங்கள், மூலையை வளைத்து வெட்ட வேண்டாம்.

கௌட் உறுதியானால், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தைச் சிறிய அளவில், பொதுவாக அலோபியூரினால் 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை படிப்படியாக ஏற்றுவார்கள். தொடங்கிய முதல் மாதங்களில் தாக்குதல் கூடுவதுபோலத் தெரியும். பழைய படிகங்கள் கரைந்து கலைவதால் வருவது அது. அதைத் தாங்கத்தான் மூன்று முதல் ஆறு மாதம் சிறிய அளவு கொல்சிசினோ வேறு மருந்தோ சேர்த்துக் கொடுக்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அது வேறு விஷயம். அப்போது அலோபியூரினாலை உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.